நாலாவது குரைப்பு

மணப்பெண் வீட்டு வாசலை விட்டு ஊர்வலம் கிளம்பும்போதுதான் அனாயிஸின் காதில் அது முதலில் விழுந்தது. அவள் மணிக்கட்டு மூன்று வெட்டு வெட்டியது. நாய் நாலு முறை குரைத்தது.

வியெல் என்கிற வாத்தியத்தை வாசிக்கிறவர்கள் நாய் என்று சொல்வது ஒரு சின்ன மரத்துண்டை. தோளில் வார் போட்டு வாத்தியத்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இடக்கையால் கட்டைகளை அழுத்தி, வலக்கையால் கைப்பிடியைச் சுழற்றினால், உள்ளே பிசின் தடவிய மரச்சக்கரம் தந்திகளை உரசிப் பாட வைக்கும். அதில் ஒரு தந்தி மட்டும் இந்த மரத்துண்டின் முதுகில் ஏறி நிற்கும். நாயின் ஒரு கால் பலகையில் ஊன்றியிருக்கும், மறு கால் தொட்டும் தொடாமலும் கிடக்கும். சுழலும் சக்கரத்தை மணிக்கட்டு சட்டென்று வெட்டித் தள்ளும்போது அந்தக் கால் பலகையில் துடித்து 'ர்ரக்' என்று உறுமும். பூரே நடனம் ஆடுகிறவர்களின் கால்கள் பாட்டைப் பிடிப்பதில்லை, அந்த உறுமலைத்தான் பிடித்துக்கொள்ளும். கை வெட்டினால்தான் நாய் குரைக்கும். கை சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்க வேண்டும்.

பக்கத்தில் தோல்பைக்குழல் ஊதிக்கொண்டு வந்த சில்வென், பையை அக்குளில் இடுக்கியபடியே அவளைத் திரும்பிப் பார்த்தான். தேவாலயப் படியில் எல்லாரும் உள்ளே போனதும் குழலை வாயிலிருந்து எடுத்தான்.

"என்ன அனாயிஸ், பாதிரியார் ஆசீர்வாதம் பண்றதுக்கு முன்னாடியே ஒயினை ஊத்திக்கிட்டியா? மூணுக்கு நாலு போடறே. மாப்பிள்ளை தடுக்கி விழப் பாத்தான்."

"ஈரம்ப்பா. மழையில மரம் ஊதிப்போச்சு."

"மழை நம்ம ஊருக்குப் புதுசா?"

அவள் சிரித்து வைத்தாள். நவம்பர் மழை சாம்பல் நிறத்தில் கூரைக் கற்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது. சுவர் ஓரமாக ஒதுங்கி, கைப்பிடியைத் தொடாமல் வாத்தியத்தை மடியில் சாய்த்து, நாயின் தந்தியை இழுத்துப் பிடிக்கும் சின்னப் பிருடையைக் கொஞ்சம் தளர்த்தினாள். தளர்த்தினால் நாய் மந்தமாகும், பலமாக வெட்டினால்தான் வாய் திறக்கும். அது பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பிருடையிலிருந்து விரலை எடுத்தாள். சக்கரம் நின்றிருந்தது. தந்தி நின்றிருந்தது.

'ர்ரக்.'

ஒரே ஒரு முறை, மெதுவாக, தூக்கத்தில் கால் உதைத்துக்கொள்கிற நாய் போல.

வீட்டுக்குத் திரும்பியபோது மயோல் அடுப்புக்கு முன்னால் வழக்கமான நாற்காலியில் காத்திருந்தான். வாத்தியம் அவன் குடும்பத்தினுடையது. அவன் அப்பா வாசித்தார், பிறகு அண்ணன் எதியென் வாசித்தான். எதியென் செத்தபின் மயோலுக்கு வந்திருக்க வேண்டும். வண்டி ஏறி மணிக்கட்டு நொறுங்கியதால் வாசிக்க முடியாமல் போய்விட்டது என்று கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லியிருந்தான். ஆனால் வியெலைப் பேணுகிற வேலையை அவன் யாருக்கும் விட்டதில்லை. சனிக்கிழமை தவறாமல் ஒவ்வொரு தந்தியிலும், சக்கரத்தில் படுகிற இடத்தில், புதுப் பஞ்சை இழை இழையாகப் பிரித்துச் சுற்றுவான். சக்கரம் சுழலும் திசையிலேயே சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பாட்டு முடிவதற்குள் அவிழ்ந்துவிடும். கனமாகச் சுற்றினால் குரல் அடைத்துக்கொள்ளும், மெலிதாகச் சுற்றினால் தந்தி கீச்சிடும். தந்தி சக்கரத்தை அதிகம் அழுத்தினால் தந்திகளைத் தாங்கும் குதிரையின் பள்ளத்தில் சிகரெட் தாளைக் கிழித்து மடித்து வைத்து அரை மயிரிழை தூக்கிவிடுவான். பிறகு தலையைச் சாய்த்து, காதை வாத்தியத்தோடு ஒட்டவைத்துக்கொண்டு, "இப்போ வாசி பாக்கலாம்" என்பான். கண்ணை மூடிக்கொண்டு அவன் கேட்கிற அந்த நேரம்தான் இந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த நேரம். ஊர்ப் பெண்களிடம் அவள் அதைப் பெருமையாகச் சொல்வாள்: என் புருஷன் பூ வாங்கித் தர மாட்டான், பஞ்சு சுத்தித் தருவான்.

"நாய் தானா குரைக்குது மயோல்."

"ஈரமா இருக்கும்."

"நான் கையே வைக்கல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய வலக்கையைப் பார்த்தான். "நாயோட காலை உரசி விடறேன். விடு," என்றான்.

மகள் பெரின் மேசைக்கடியில் பூனைக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. மஞ்சள் பின்னல் இடுப்பு வரைக்கும் தொங்கும். "நம்ம வீட்டு நாய்தான்மா, அது. நெஜ நாய்தான் நம்ம வீட்ல தங்காதே," என்றாள்.

அது உண்மைதான். எத்தனை நாய்க்குட்டி கொண்டுவந்து கட்டினாலும் ஒரு வாரத்துக்குள் கயிற்றைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். முற்றத்தில் வெறும் சங்கிலி கிடந்தது.

அந்த வாரம் முழுக்க மழை விடவில்லை. அவள் கோழிகளுக்குத் தீனி போடும்போது, துணி பிழியும்போது, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் உறுமல் வரும். வந்துவிட்டு நிற்கும். ஓடிப் போய்ப் பார்த்தால் வியெல் தன் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும், பழைய மெழுகும் பிசினும் கலந்த வாசனையோடு, அதன் அடியில் வேறொரு வாசனையோடு. கழுவாத தலையணையின் வாசனை அது. யாருடைய தலையணை என்று மட்டும் அவளுக்கு நினைவு வரவில்லை. மிக நன்றாகத் தெரிந்த ஒரு தலையணை.

பிறகு அவளுடைய கை தொடங்கியது.

காலையில் காப்பிக்கொட்டையை மில்லில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள். கொட்டை தீர்ந்து கைப்பிடி லேசாகிவிட்டது. கை நிற்கவில்லை. வெறும் மில் கடகடவென்று சுழன்றது. நிறுத்து என்று அவள் மனதுக்குள் சொன்னாள். மணிக்கட்டு ஒரு வெட்டு வெட்டியது. இன்னொன்று. மூன்றாவது. இடக்கையால் வலக்கையைப் பிடித்து இழுத்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. பக்கத்து அறையில், ஆணியில் தொங்கிய இடத்தில், அவள் வெட்டாத நாலாவது வெட்டுக்கு நாய் குரைத்தது.

மயோல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை நேரமாக நின்றான் என்று தெரியவில்லை.

"காப்பி ஆச்சா?" என்றான்.

அவ்வளவுதான். கை ஏன் அப்படிச் சுற்றியது என்று அவன் கேட்கவே இல்லை.

சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வியெலைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, அவள் சில்வெனின் பட்டறைக்குப் போனாள். சில்வென் மரச்செருப்பு செய்கிறவன். சீவல் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவன் வாத்தியத்தை வாங்கி மடியில் வைத்தான்.

"சக்கரம் வட்டமா இருக்கு. நாயோட கால் சுத்தம். பிசின் அளவாத்தான் இருக்கு. பஞ்சு யார் சுத்தினது?"

"மயோல்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"நீ சுத்தினதே இல்லையா? அட, என் குழலுக்கு நாணல் நாக்கு நான் சீவாம யார் சீவுவா? அடுத்தவன் வச்ச நாக்குல ஊதினா அடுத்தவன் பேச்சுத்தானே வரும்." சிரித்துக்கொண்டே நாய்த் தந்தியின் பஞ்சை நகத்தால் கீறி அவிழ்த்தான். வெள்ளை இழை இழையாக வந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

பஞ்சுக்கு அடியில் இன்னொரு சுற்று இருந்தது. இறுக்கமாக, நேர்த்தியாக, ஓர் இழை மேல் ஓர் இழை ஏறாமல். பழுப்பு நிறம், நடுநடுவே ஒரு நரை. சில்வென் அதன் நுனியைப் பிடித்து இழுத்தான். நீண்டு வந்தது. நீண்டுகொண்டே வந்தது. அனாயிஸின் கை தானாக உயர்ந்து அவள் தலையைத் தொட்டது.

இப்போது அந்த வாசனை அவளுக்குப் புரிந்தது. அவளுடைய தலையணை.

எல்லாத் தந்தியிலும் இருந்தது. தினமும் காலையில் அவளுடைய சீப்பிலிருந்து முடியைப் பொறுக்கி, "சாக்கடை அடைச்சுக்கும், நான் வெளிய போடறேன்" என்று மயோல் எடுத்துக்கொண்டு போவது அவள் நினைவுக்கு வந்தது. எவ்வளவு பாந்தமான மனிதன் என்று நினைத்திருந்தாள்.

"ஏன்?" என்றாள்.

சில்வென் எழுந்து பட்டறைக் கதவைச் சாத்தினான். "எதியென் செத்தப்போ நீ இந்த ஊருக்கு வரல. பெட்டியில படுக்க வச்சவன் நான். உயிர் போயி ஒரு நாள் ஆச்சு, மேல போத்தின துணி அசையுது. விலக்கிப் பாத்தா மணிக்கட்டு. வலது மணிக்கட்டு. சுத்திக்கிட்டே இருக்கு. ஜெபமாலையால கட்டித்தான் மூடினோம். அவங்க அப்பனுக்கும் அப்படித்தான்னு பெரியவங்க பேசிக்கிட்டாங்க. அந்த வீட்டுல ஒரு கை இந்த வியெலுக்கு வேணும். வேற ஒருத்தர் முடியைச் சுத்தினா அவங்க கையை எடுத்துக்கும்னு சொல்வாங்க. அடுத்த முறை மயோலோடது."

"அவனுக்குத்தான் கை நொறுங்கிப்போச்சே."

"எப்போ?"

"வண்டி ஏறி…"

"அனாயிஸ்," என்றான் சில்வென். குரல் இறங்கிவிட்டது. "போன குளிர்காலத்துல என்கூட ஓக் மரம் பிளந்தான். நாள் முழுக்க. வலக்கையால."

பல வருடம் முன்பு, சூவினி ஊர்ச் சந்தை நாளில், மாமாவின் சத்திரத்தில், அவள் காப்பி அரைத்துக்கொண்டிருந்தபோதுதான் மயோல் முதன்முதலில் அவளைப் பார்த்தான். கூட்டத்துக்கு நடுவே அசையாமல் நின்று அவள் கையையே பார்த்தான். "என்ன அழகான மணிக்கட்டு," என்றான். வேறு எந்தப் பெண்ணிடமும் எந்த ஆணும் அப்படிச் சொல்லி அவள் கேள்விப்பட்டதில்லை. கல்யாணமாகி இத்தனை வருடமும் மனம் சலித்தபோதெல்லாம் எடுத்துப் பார்த்து வைத்துக்கொண்ட ஒரே வார்த்தை அது. சீவல் குவியலின் மேல் உட்கார்ந்தபடி அதை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தாள். மாடு வாங்க வந்தவன் பல்லைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை போல இருந்தது.

அழுகை வரவில்லை. முடியை எல்லாம் ஒன்று விடாமல் அவிழ்த்து அடுப்பில் போட்டாள். கருகிய நாற்றம் பட்டறை முழுக்க நின்றது. தந்திகளைச் சாராயம் தொட்ட துணியால் துடைத்தாள். புதுப் பஞ்சைப் பிரித்துத் தானே சுற்றினாள். முதலில் கனமாகப் போனது, அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். பிசினைச் சக்கரத்தில் லேசாகத் தடவினாள். பிருடையைத் தன் கைக்குத் தக்கபடி வைத்தாள். வெட்டினாள். மூன்று வெட்டு. மூன்று குரைப்பு. கையை எடுத்தாள். அமைதி. நிஜமான, வெறும் மரத்தின் அமைதி.

"இதை எரிச்சிடு," என்றான் சில்வென்.

"எரிக்கத்தான் போறேன். அவன் கண்ணு முன்னாடி."

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயவில்லை, ஆனால் மழைமூட்டத்தில் சமையலறை இருண்டிருந்தது. பெரின் மேசையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், இரவுக்குக் கிழங்கு வைத்துச் சுட. மயோல் அனாயிஸின் முதுகிலிருந்த மூட்டையைப் பார்த்தான். துணியை விலக்கினான். ஒரு பார்வையில் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"பஞ்சை யார் சுத்தினது?"

"நான்."

"உனக்குத்தான் தெரியாதே."

"தெரிஞ்சுக்கிட்டேன்."

"உள்ள இருந்தது எங்க?"

"எரிச்சாச்சு."

அவன் மெல்ல உட்கார்ந்தான். "என்ன காரியம் பண்ணிட்டே. என்ன காரியம் பண்ணிட்டே, அனாயிஸ். அது இப்போ யாரைத் தேடும்?"

"உன்னைத் தேடட்டும். உன் முறைதானே?"

மயோல் தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டான். பெரிய, திடமான, ஒரு வடு கூட இல்லாத கை. அதை மெல்ல மேசைக்கடியில் மறைத்தான். "எதியென் ராத்திரியெல்லாம் கத்துவான்," என்றான். "நான் அடுத்த கட்டில்ல படுத்திருந்தேன். உனக்குத் தெரியாது."

"அதனால என்னைக் கட்டிக்கிட்டியா?"

இல்லை என்று பொய்யாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. பெரின் மாவுக் கையோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தொழுவத்தில் பசுக்கள் கதறத் தொடங்கிவிட்டன. காலையிலிருந்து கறக்கவில்லை, மடி கட்டியிருக்கும். அனாயிஸ் வியெலைத் துணிப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியை மார்புக்குள் போட்டுக்கொண்டாள். "கறந்துட்டு கோடாலியோட வரேன். நீ இங்கயே உக்காந்திரு. உன் கையாலதான் பிளக்கணும்," என்றாள். அவன் தலையாட்டினான். பணிவாக, நோயாளி போல.

அவனைப் பற்றி அவள் அன்று தெரிந்துகொண்டது மனம் முழுக்க நிரம்பியிருந்தது. அதற்கு மேல் ஒன்றை நினைத்துப் பார்க்க உள்ளே இடம் இல்லை.

தொழுவத்தில் வைக்கோலின் வெதுவெதுப்பும் சாணத்தின் காரமும் அவளைச் சூழ்ந்தன. முதல் பசுவின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக் காம்பைப் பிடித்தாள். கை சொன்னபடி கேட்டது. இழுத்தால் இழுத்தது, விட்டால் விட்டது. அப்போதுதான் அழுகை வந்தது. பால் வாளியில் சர் சர்ரென்று இறங்க, கூரையில் மழை ஒரே சீராகப் பொழிய, யாரும் கேட்காத இடத்தில் அவள் சத்தமாகவே அழுதாள். ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போனாள். அதையும் முடித்து அடுத்தது. அழுகை தானாக ஓய்ந்தது.

பசு அசை போடுவதை நிறுத்தியது.

எல்லாப் பசுக்களும் நிறுத்தின. எல்லாக் காதுகளும் ஒன்றாகத் திரும்பின, வீட்டுப் பக்கம்.

முதலில் அடிக்குரல் வந்தது. தேன்கூட்டுக்குள்ளிருந்து வருவது போன்ற அந்த நீண்ட ஒற்றை ரீங்காரம். அதன் மேல் பாட்டு ஏறியது. பூரே. பிசிறில்லாத வாசிப்பு, அவளால் கூட முடியாத வேகம். நாய் மூன்று குரைத்தது. நாலாவதும் குரைத்தது.

கோடாலியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். மழை முகத்தில் அடித்தது. பெட்டியை எப்படித் திறந்தான்? சாவி இங்கே இருக்கிறது, உடம்புச் சூட்டோடு. ஆனாலும் அவளுக்குள் ஒரு கணம், வெட்கப்படும்படியான ஒரு நிம்மதி பரவியது. எடுத்துக்கொண்டான். கடைசியில் தன் முறையைத் தானே எடுத்துக்கொண்டான். எத்தனை கோழையானாலும் அந்த அளவுக்கு மனிதன். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று கூடத் தோன்றியது. அவனுக்காக அவள் மனம் கொஞ்சம் இளகியது.

கதவைத் தள்ளினாள்.

பெட்டி மூடி சுவரில் சாய்ந்து நின்றது. கீல்களைக் கழற்றியிருந்தான். மேசையில் பிசைந்த மாவு. மாவில் பதிந்த சின்ன விரல்கள். பக்கத்தில் துணி வெட்டும் கத்தரி. கத்தரியைச் சுற்றிலும் மஞ்சளாக, துண்டு துண்டாக.

அடுப்புக்கு முன்னால் மயோலின் நாற்காலியில் பெரின் உட்கார்ந்திருந்தாள். கால்கள் தரையை எட்டவில்லை. பிடரிக்கு மேல் கோணல்மாணலாக வெட்டிய தலை. கண்கள் திறந்திருந்தன, எதையும் பார்க்கவில்லை. சுற்றுகிற கைப்பிடிக்கு அவள் கை நீளம் போதவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கீழே போகும்போது தோள்மூட்டு நழுவிப் பிதுங்கி எழுந்தது. மேலே வரும்போது திரும்பி உட்கார்ந்தது. டக். நாய். டக். நாய். டக். நாய். வாய் மட்டும் அசைந்தது. 'அம்மா' என்கிற மாதிரி. ரீங்காரத்தில் குரல் கேட்கவில்லை.

மயோல் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தான். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, காதை வாத்தியத்தோடு ஒட்டவைத்திருந்தான். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வலக்கை விரல்கள் நாயின் பிருடையைத் தேடிப் பிடித்தன.

"இன்னும் கொஞ்சம் இறுக்கினா லேசாயிடும், கண்ணு," என்றான். "சின்னக் கைதானே. அப்பா உன் கைக்கு ஏத்த மாதிரி வச்சுத் தரேன்."

மயிரிழை அளவு இறுக்கினான்.